கையைக் கட்டினால் மூளை பிழைக்குமா?

வைத்திய உலகத்தில் சுமார் முப்பது வருஷ காலமாக ஒரு விசித்திரமான சங்கதி பிரஸ்தாபிக்கப்பட்டு வருகின்றது. அதாவது, மேல்கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, கைக்குப் போகும் இரத்தத்தை 5 நிமிஷம் அடியோடு நிறுத்தி, பிறகு 5 நிமிஷம் தளர்த்திவிட்டு, இப்படியே நாலைந்து தடவை செய்துவந்தால், கைக்குச் சம்பந்தமில்லாமல் எங்கேயோ இருக்கிற இருதயத்துக்கும் மூளைக்கும், இரத்தம் குறையும் காலத்தில் அதைத் தாங்கிக்கொள்ளும் சக்தி உண்டாகிறது என்பதாகும்.

இதைக் கேட்டதும் இரண்டு கூட்டத்தார் புறப்பட்டுவிடுகிறார்கள். ஒரு கூட்டத்தார், "பார்த்தீர்களா! கையில் கயிறு கட்டு, தாயத்துக் கட்டு என்று சொன்ன நம் முன்னோர்கள் முட்டாள்களா? வெள்ளைக்காரன் இன்றைக்குக் கண்டுபிடித்ததை அவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "டாக்டர்கள் பத்திரிகையில் அச்சாகிவிட்டது, கருவியும் விலைக்கு வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு, பத்தியம் எதற்கு?" என்கிறார்கள். முன்னது பழைய பக்தி. பின்னது புதிய பக்தி. ஒன்றுக்குத் திருநீறு பூசியிருக்கிறது, மற்றொன்றுக்கு மின்சாரம் மாட்டியிருக்கிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். யாருக்குக் கட்டினார்கள்? கட்டாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? எத்தனை பேர்? முடிவு என்ன? இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லக்கூடியது எதுவோ அது அறிவு. பதில் சொல்ல மறுப்பது எதுவோ அது, எந்தப் பாஷையில் பேசினாலும், எந்த உடுப்புப் போட்டிருந்தாலும் புரட்டேயாகும்.

மூளைக்கு இரத்தம் போகும் விதம்

முதலாவது வியாதி இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். மனித மூளை உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் இருதயம் இறைக்கும் இரத்தத்தில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கும், உடம்பு செலவிடும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் அதற்கே போகின்றன. கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு ஆக நான்கு குழாய்கள் மேலே போய், மூளையின் அடியில் ஒரு வளையம்போல் ஒன்றுசேருகின்றன. ஒரு குழாய் அடைபட்டாலும் மற்றொன்றின் தண்ணீர் அந்தப் பக்கத்து வயலுக்குப் பாயும்படியான ஏற்பாடு அது. 1664ஆம் வருஷத்தில் இங்கிலாந்து வைத்தியர் தாமஸ் வில்லிஸ் இதை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் வளையம் எல்லோருக்கும் பூரணமாக அமைந்திருப்பதில்லை.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. நாம் படுக்கிறோம், எழுகிறோம், ஓடுகிறோம். இரத்த அழுத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. அப்படியிருந்தும் மூளைக்குப் போகும் இரத்தத்தின் அளவு அதிகம் மாறுவதில்லை. ஏனெனில் அழுத்தம் ஏறினால் மூளையின் சிறு குழாய்கள் சுருங்குகின்றன, இறங்கினால் விரிகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் லாசன் 1959இல் இதற்கான அளவுகளைத் திரட்டிக் காட்டினார். ஏரியில் நீர் ஏறும்போது மதகைத் தாழ்த்தியும், இறங்கும்போது உயர்த்தியும் வயலுக்கு ஒரே அளவாக நீர் விடுகிற மனிதன் ஒவ்வொரு சிறு குழாயிலும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதைச் செய்வது கடவுளுமல்ல, ஆத்மாவுமல்ல. குழாயின் தசையும் உட்சுவரும் செய்கிற வேலை.

இனி வியாதிக்கு வருவோம். பெரிய குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, தடித்து, வழி குறுகிப்போகிறது. குறுகிய இடத்துக்கு அப்பால் அழுத்தம் குறைகிறது. உடனே அங்குள்ள சிறு குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. மேலும் குறுகினால் மேலும் விரிகின்றன. கடைசியில் மதகு முழுவதும் திறந்தாகிவிடுகிறது. இனித் திறக்க இடமில்லை. அதன்பின் ஏரி ஓர் அங்குலம் இறங்கினாலும் வயல் ஓர் அங்குலம் காய வேண்டியதுதான். அப்போதும் மூளை சும்மாயிருப்பதில்லை. வருகிற கொஞ்ச இரத்தத்திலிருந்தே முன்னைவிட அதிகப் பிராணவாயுவை உறிஞ்சிப் பிழைத்துப் பார்க்கிறது. அதுவும் போதாமற்போனால் அந்தப் பாகம் மாண்டுபோகிறது. இப்படி இரத்த ஓட்டம் குறைந்தாலும் சரி, குறுகிய இடத்தில் இரத்தம் கட்டிக் கட்டி அடைத்தாலும் சரி, கை விழுகிறது, வாய் கோணுகிறது, பேச்சுப் போகிறது. இதைத்தான் பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் சொல்லுகிறோம்.

கையில் கட்டுகிற பட்டை இந்த அடைப்பைத் திறக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. சிறு குழாய்களின் கட்டுப்படுத்தும் சக்தியை அது திருத்துகிறது, பக்கவழிகளை வளர்க்கிறது, இரத்தக் குறைவைத் தாங்க மூளைச் சதையைப் பழக்குகிறது என்பதே அதன் பக்கத்து வாதம்.

பட்டையின் பூர்வீகம்

இது யாருக்கும் கனவில் வந்து சொல்லப்பட்டதல்ல. 1986இல் அமெரிக்காவில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்ற மூவர் நாய்களின் இருதயக் குழாய் ஒன்றை 5 நிமிஷம் அடைத்து 5 நிமிஷம் விட்டு, இப்படி நான்கு தடவை செய்தபின், 40 நிமிஷம் சேர்ந்தாற்போல் அடைத்தார்கள். முன்கூட்டிப் பழக்காத நாய்களின் இருதயத்தில் செத்த சதை எவ்வளவோ, பழக்கிய நாய்களில் அதில் கால் பங்குதான் செத்திருந்தது. 1993இல் பிரிஸிக்லெங்க் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும், இருதயத்தின் ஒரு பகுதியைப் பழக்கினால் பழக்காத பகுதிக்கும் பாதுகாப்புக் கிடைப்பதைக் காட்டினார்கள். பிறகு கையிலோ காலிலோ கட்டினாலே போதுமோ என்று பார்க்கத் தொடங்கினார்கள். கட்டுப்பட்ட இடத்திலிருந்து இரத்தத்தின் வழியாகவும் நரம்பின் வழியாகவும் ஏதோ செய்தி போகிறதென்பதற்குச் சாட்சியம் உண்டு. ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற பொருள் இதுதான் என்று இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை.

பிறகு மூளைக்கு வந்தார்கள். சீனாவின் தலைநகரான பீஜிங்கில் உள்ள ஷுவான்வு ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 2012இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூளைக்குள் ஓடும் குழாய் குறுகி, அதனால் ஏற்கனவே ஒரு தடவை அடிபட்டவர்கள் 68 பேர். எல்லோருக்கும் வழக்கமான வைத்தியம் நடந்தது. 38 பேருக்கு மட்டும் தினம் இரண்டு வேளை, 300 நாள், பட்டையும் கட்டினார்கள். கட்டாத 30 பேரில் 8 பேருக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. கட்டிய 38 பேரில் 3 பேருக்குத்தான் வந்தது.

தோழர்களே! இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் நாட்டுச் சாமியார் ஒருவரிடத்தில் இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கோயில் கட்டியாகியிருக்கும், உண்டியல் வைத்தாகியிருக்கும், கேள்வி கேட்டவன் நாஸ்திகனாகியிருப்பான். பீஜிங் வைத்தியர்கள் என்ன செய்தார்கள் என்பதே இந்த வியாசத்தின் உயிரான பாகம்.

பொய்ப் பட்டை

அவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே சந்தேகித்தார்கள். 68 பேர் என்பது சொற்பத் தொகை. இரண்டொருவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால் கணக்கே மாறிவிடும். அன்றியும், கட்டிக்கொண்டவன் தனக்கு வைத்தியம் நடக்கிறது என்ற தைரியத்தில் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக நடந்திருக்கலாம். ஆகவே அதே ஆஸ்பத்திரியார் தலைமையில், சீனாவெங்கும் 84 ஆஸ்பத்திரிகளில் 3,033 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் பட்டை கட்டினார்கள். ஆனால் பாதிப் பேருக்கு 200 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் காற்றடித்து இரத்தத்தை நிறுத்தினார்கள். மற்றப் பாதிப் பேருக்கு 60 அளவுக்கு மட்டும் அடித்தார்கள். 60க்குக் கை சற்று இறுகுமேயொழிய இரத்தம் நிற்காது. அதாவது அது பொய்ப் பட்டை. யாருக்கு மெய், யாருக்குப் பொய் என்பது நோயாளிக்கும் தெரியாது, முடிவைக் கணக்கிடுபவருக்கும் தெரியாது. தினம் ஒரு வேளை என்று ஒரு வருஷம் கட்டச் சொல்லி, அதற்கப்புறமும் தொடர்ந்து கவனித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள்.

மெய்ப்பட்டைக்காரர்கள் 1,517 பேரில் 257 பேருக்குப் பக்கவாதம் வந்தது. பொய்ப்பட்டைக்காரர்கள் 1,516 பேரில் 288 பேருக்கு வந்தது. நூற்றுக்கு 17க்கும் 19க்கும் உள்ள வித்தியாசம். ஒரு காசை நூறு தடவை சுண்டினால் சரியாக 50 பூ, 50 தலை விழுவதில்லையல்லவா? அதுபோல, தற்செயலாகவே ஏற்பட்டிருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க வித்தியாசம்தான் இது. ஆகவே பட்டை பக்கவாதத்தைத் தடுத்தது என்பதற்கு ருஜு கிடைக்கவில்லை என்று அவர்களே எழுதி, தங்கள் பெயரைப் போட்டு, உலகம் பார்க்க அச்சிட்டார்கள்.

பத்து வருஷம் பாடுபட்டு வளர்த்த தங்கள் சொந்தக் கொள்கையைத் தாங்களே தராசில் போட்டு நிறுத்து, "எடை போதவில்லை" என்று ஊரறியச் சொன்ன இந்தக் காரியம், அது வெற்றி பெற்றிருந்தால் கிடைத்திருக்கும் பெருமையைவிடப் பெரிய பெருமை என்பது நமது அபிப்பிராயம். இதுவரை எந்த மந்திரவாதியாவது பாதிப் பேருக்கு மந்திரித்த தாயத்தும், பாதிப் பேருக்கு வெறும் தகடும் கொடுத்து, யாருக்கு எது என்று மறைத்து வைத்து, ஒரு வருஷம் கழித்துத் தலையை எண்ணிப் பார்த்திருக்கிறானா? எண்ணிப் பார்க்க யாரையாவது விட்டிருக்கிறானா? விடமாட்டான். ஏன் விடமாட்டான் என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஆட்சேபணைகளுக்குச் சமாதானம்

"அநேகர் ஒழுங்காகக் கட்டிக்கொள்ளவில்லை, ஒழுங்காகக் கட்டியிருந்தால் பலன் தெரிந்திருக்கும்" என்கிறார்கள். பலர் ஒழுங்காகக் கட்டவில்லை என்பது உண்மையே; சோதனை செய்தவர்களே அதனால் பலன் மங்கியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதை மறுபடியும் சோதித்து நிரூபிக்கட்டும், ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒழுங்காகக் கட்டியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து எண்ணுவது நியாயமாகாது. 1980இல் அமெரிக்காவில் ஒரு இருதய மருந்துச் சோதனையின் கணக்கு வெளியாயிற்று. அதில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்குள், அதை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து வருஷத்தில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் இறந்தார்கள்; ஒழுங்கில்லாமல் விழுங்கியவர்களில் சுமார் 28 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை உயிரைக் காப்பாற்றிற்றா? இல்லை. ஒழுங்காக நடக்கிற ஆளே வேறு விதமான ஆள். அவன் மற்றக் காரியங்களிலும் ஒழுங்காக இருப்பான். "பக்தியோடு விரதம் இருந்தவனுக்குப் பலித்தது, பலிக்காதவனுக்குப் பக்தி போதாது" என்கிற பேச்சின் முழுச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

"பட்டை கட்டினால் மூளையின் இரத்த ஓட்டக் கட்டுப்பாடு திருந்துவதாகக் கருவி வைத்து அளந்திருக்கிறார்களே" என்பது அடுத்த ஆட்சேபணை. சில சிறு சோதனைகளில் அப்படிக் கண்டதுண்டு. ஆனால் அளவு திருந்துவது வேறு. ஆள் பிழைப்பது வேறு. தலைக்கு வெளியே ஓடும் குழாயை மண்டை ஓட்டுக்குள் கொண்டுபோய் மூளைக்குழாயோடு தைத்துவிடும் சத்திர சிகிச்சையை 1,377 பேரை வைத்துச் சோதித்து 1985இல் முடிவைச் சொன்னார்கள். தைத்த குழாய்களில் நூற்றுக்கு 96 நன்றாக ஓடின. ஆனால் பக்கவாதம் குறையவில்லை. "ஆளைப் பொறுக்கியது சரியில்லை, மதகு முழுதும் திறந்து, அதிகப் பிராணவாயு உறிஞ்சுகிற நிலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் செய்தால் பலிக்கும்" என்றார்கள். நியாயமான பேச்சுத்தான். அப்படியே பொறுக்கி 195 பேரை வைத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். இரத்த ஓட்டம் திருந்தவே செய்தது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் தைத்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கும், தைக்காதவர்களில் 22.7 பேருக்கும் அந்தப் பக்கத்து மூளையில் பக்கவாதம் வந்தது. அதிலும் முதல் முப்பது நாளில் தைத்தவர்களுக்கு 14.4, தைக்காதவர்களுக்கு 2. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்பதாலேயே களத்தில் நெல் வந்துவிட்டதென்று எழுதிவிடக் கூடாது.

"பலன் கண்ட சோதனையும் இருக்கிறதே" என்றால், இருக்கிறது, மறைக்கவில்லை. 2022இலேயே சீனாவில் 55 ஆஸ்பத்திரிகளில், பக்கவாதம் வந்து இரண்டு நாளுக்குள் சேர்ந்த 1,776 பேரில், பட்டை கட்டியவர்களில் நூற்றுக்கு 67.4 பேரும், கட்டாதவர்களில் 62 பேரும் ஏறக்குறைய ஊனமில்லாமல் தேறினார்கள். ஆனால் அதில் பொய்ப் பட்டை இல்லை. பொய்ப் பட்டை வைத்து டென்மார்க்கில், ஆஸ்பத்திரி வண்டியிலேயே கட்டத் தொடங்கிச் செய்த சோதனை 2023இல் வெளியாயிற்று. அதில் பலன் இல்லை. இரண்டு இடத்து நோயாளிகளும் நோயின் வேளையும் ஒன்றல்ல என்பதால், ஒன்று மற்றதைப் பொய்யாக்கிவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் சொல்லுகிறோம். இருதயத்தின் கதியும் இதேதான். சத்திர சிகிச்சைக்குமுன் பட்டை கட்டிப் பிரிட்டனில் 1,612 பேரையும் ஜெர்மனியில் 1,385 பேரையும் வைத்து 2015இல் பார்த்ததிலும், மாரடைப்பு வந்த 5,401 பேரை நான்கு தேசங்களில் சேர்த்து 2019இல் பார்த்ததிலும், நாயினிடத்தில் கண்ட அதிசயம் மனிதனிடத்தில் காணப்படவில்லை.

இனி, முன்னோர் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கயிற்றை இரத்தம் நிற்கும்படி இறுக்கி அப்படியே விட்டுவைத்தால் கை அழுகிப்போகும். நிற்காதபடி கட்டினால் இந்தச் சோதனைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சரியாகச் சொல்லப்போனால் உங்கள் கயிறு பொய்ப்பட்டையின் ஜாதியைச் சேர்ந்தது. 60 அளவுகூட இறுக்காத பொய்ப் பட்டை! அதற்கு 3,033 பேரை வைத்துச் செய்த சோதனையைச் சாட்சிக்கு அழைப்பது, எதிரியின் சாட்சியைத் தன் சாட்சி என்று கோர்ட்டில் ஏற்றுவதற்குச் சமானமாகும்.

"கட்டிக்கொண்டால் நஷ்டம் என்ன?" என்பார்கள். பட்டையால் கையில் வலியும் சிவந்த புள்ளிகளும் வரலாம், அது பெரிதல்ல. பட்டை இருக்கிறதென்ற தைரியத்தில் மாத்திரையை விட்டுவிடுவதுதான் நஷ்டம். "நஷ்டமில்லை, நல்லதுதானே" என்ற எண்ணம் எவ்வளவு அபாயகரமானது என்பதற்கும் ருஜு உண்டு. மூளைக்குள் குறுகிய குழாயைக் கம்பிச் சுருள் வைத்து விரித்துவிட்டால் நல்லதுதானே என்று எல்லோருக்கும் தோன்றும். அமெரிக்காவில் 451 பேரை வைத்துப் பார்த்தார்கள். முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ சுருள் வைத்தவர்களுக்கு நூற்றுக்கு 14.7, மருந்தும் ஒழுங்கும் மட்டும் பெற்றவர்களுக்கு 5.8. ஆள் சேர்ப்பதை அத்தோடு நிறுத்தி, 2011இல் வெளியிட்டார்கள். எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேருக்கு "நல்லது" செய்திருப்பார்களோ!

நாம் செய்யவேண்டியது

மேற்படி சோதனையில் சுருளைத் தோற்கடித்தது எது என்று பார்த்தால், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை, கொழுப்பைக் குறைக்க மாத்திரை, மேல் அழுத்தம் 140க்குக் கீழ், சர்க்கரையில் கவனம், புகையிலையை விடுதல், உடம்பை அசைத்து நடத்தல் இவ்வளவுதான். அழுத்தத்தையும் டாக்டர் சொன்ன அளவுக்கு, அவர் சொன்ன வேகத்தில் இறக்க வேண்டுமேயொழிய, மதகு முழுதும் திறந்த வயலுக்கு ஏரியை ஒரே நாளில் இறக்கிவிடக் கூடாது. அவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டுவதும் தப்பு, விடுவதும் தப்பு.

வாய் ஒரு பக்கம் கோணினாலும், கை தூக்க முடியாமல் விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் அந்த நிமிஷமே தக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டியது. பெரிய குழாய் அடைபட்டவர்களுக்குக் கட்டியைக் கம்பிவலை கொண்டு இழுத்தெடுக்கும் சிகிச்சை பலிக்கிறதென்பதும் 2015இல் பல தேசத்துச் சோதனைகளால் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. இவையும் பட்டை நின்ற அதே தராசில் நின்றவைதான். பட்டை இன்னும் தேறவில்லை, இவை தேறின. புறா இரத்தம் தேய்ப்பதிலும், வேப்பிலை அடிப்பதிலும், ராகுகாலம் கழியட்டும் என்று திண்ணையில் காத்திருப்பதிலும் அந்த நாலரை மணி நேரம் போய்விட்டால், பிறகு எந்தத் தெய்வமும் அதைத் திருப்பிக் கொடுக்காது.

பட்டை செத்துப்போன விஷயம் என்று நாம் சொல்லவில்லை. யாருக்கு, எந்த வேளையில், எத்தனை தடவை கட்டினால் பலன் உண்டு என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். அந்தச் சோதனையில் சேரும்படி டாக்டர் கேட்டால், விவரம் தெரிந்துகொண்டு சம்மதத்தோடு கையை நீட்டுவது மனித சமூகத்துக்குச் செய்யும் உபகாரமே. ஆனால் தீர்ப்பாகாத வழக்கைத் தீர்ந்ததென்று சொல்லிக் கருவி விற்கிறவனிடத்திலும், அதே வழக்கைக் காட்டிக் கயிறு விற்கிறவனிடத்திலும் பணம் கொடுப்பதற்குமுன், "பொய்ப் பட்டை கட்டிப் பார்த்தாயா? எத்தனை பேருக்குக் கட்டினாய்? கணக்கை எடு" என்று கேளுங்கள். நாம் எழுதியதையும் அப்படியே கேளுங்கள். கணக்கை எடுக்கிறவனோடு பேசலாம். கோபித்துக்கொள்கிறவனை வாசலோடு அனுப்பிவிடலாம்.